கிருபையில் வாழ்வது: விசுவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேதபாட வகுப்பிலும், ஆராதனை முடிந்து வாசலில் நின்று பேசும்போதும் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் இவை. கிருபையால்தான் இரட்சிப்பு என்பதில் நம்மில் பலருக்குச் சந்தேகம் இல்லை. அதற்குப் பிறகு வருகிற முப்பது நாற்பது வருஷத்தை எந்தக் கணக்கில் வாழ்வது என்பதில்தான் குழப்பம். வசனங்கள் நாம் வழக்கமாக வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளபடி.

கிருபை என்று எதைச் சொல்கிறோம்?

நாம் உரிமை கோர முடியாத ஒரு நன்மையைத் தேவன் தாமாகவே நமக்குச் செய்வதை. எபேசியர் 2:8 அதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்; இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." ரோமர் 4:4 இதையே மறுபக்கத்திலிருந்து சொல்கிறது. வேலை செய்தவனுக்கு வருவது கூலி. அதைக் கொடுப்பது முதலாளியின் கடமை, அங்கே கிருபைக்கு வேலை இல்லை.

இயேசு சொன்ன திராட்சத்தோட்ட உவமை (மத்தேயு 20) இந்த வித்தியாசத்தை நம் மேலேயே சோதித்துப் பார்க்கிறது. விடியற்காலையில் வந்தவர்களுக்கும் ஒரு பணம், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது வந்தவர்களுக்கும் ஒரு பணம். முதலில் வந்தவர்களை யாரும் ஏமாற்றவில்லை, பேசிய கூலி வந்துவிட்டது. ஆனாலும் அவர்கள் முணுமுணுக்கிறார்கள், நமக்கும் நியாயம் அவர்கள் பக்கம்தான் இருப்பதாகத் தோன்றுகிறது. அப்படித் தோன்றாதவர் இந்த உவமையை அவசரமாக வாசித்திருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொன்று. வேதத்தில் கிருபை என்பது மன்னிப்பை மட்டும் குறிப்பதில்லை. நம்மால் முடியாததைச் செய்ய நமக்குள் வருகிற பெலனும் கிருபைதான். எபிரெயர் 4:16 அதை "ஏற்ற சமயத்தில் சகாயஞ்செய்யுங் கிருபை" என்கிறது. கீழே வரும் பல பதில்கள் இந்த இரண்டாவது பொருளைச் சார்ந்தவை.

நான் இரட்சிக்கப்பட்டு இருபது வருஷம் ஆகிறது. இனியும் கிருபை எதற்கு?

கலாத்தியா நாட்டுச் சபைகளுக்கு வந்த பிரச்சினையும் இதுவேதான். அவர்கள் அப்போஸ்தலன் பவுலின் பிரசங்கத்தைக் கேட்டு விசுவாசித்தவர்கள். பின்னால் வந்த சில போதகர்கள், "இயேசுவை விசுவாசித்தது சரி, விருத்தசேதனமும் செய்துகொண்டு மோசேயின் நியாயப்பிரமாணத்தையும் கைக்கொண்டால்தான் முழுமை" என்றார்கள். இயேசுவை விட்டுவிடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை, கூட ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். அதற்கே பவுலுக்கு அவ்வளவு கோபம் வந்தது. "ஆவியினாலே ஆரம்பம்பண்ணின நீங்கள் இப்பொழுது மாம்சத்தினாலே முடிவுபெறப்போகிறீர்களோ?" என்று கேட்டார் (கலாத்தியர் 3:3).

பவுலின் பெயரில் உள்ள 13 நிருபங்களும் கிருபை வாழ்த்தோடு தொடங்குகின்றன, முடிவிலும் கிருபை வாழ்த்து இருக்கிறது. யாருக்கு எழுதினார்? ஏற்கெனவே விசுவாசிகளாய் இருந்தவர்களுக்கு. உள்ளே வந்துவிட்டவர்களுக்கும் அதே கிருபைதான் தினமும் தேவைப்படுகிறது என்று அவர் நினைத்திருக்கிறார்.

நம் வீடுகளில் இது வேறு விதமாக வெளிப்படும். ஒரு வாரம் ஒழுங்காக ஜெபித்திருந்தால் தேவனிடம் கேட்கத் தைரியம் வரும். ஒரு வாரம் விட்டுப்போனால், "எந்த முகத்தோடு போய்க் கேட்பது?" என்று ஒதுங்கி நிற்போம். காலையில் வேதம் வாசிக்காமல் கிளம்பியதால்தான் வண்டி பஞ்சர் ஆனது என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும். இது அப்பட்டமான கூலிக்கணக்கு. நன்றாக ஜெபித்த வாரத்திலும் நாம் கிருபாசனத்தண்டைக்குப் போனது இயேசுவின் நிமித்தம்தான், நம் ஜெப நேரத்தின் நிமித்தம் அல்ல.

அப்படியானால் பாவம் செய்தாலும் பரவாயில்லையா?

பவுலிடமே இதைக் கேட்டிருக்கிறார்கள். "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே" (ரோமர் 6:1-2). அவர் தரும் காரணத்தைக் கவனியுங்கள். "செய்தால் தண்டனை" என்று அவர் பயமுறுத்தவில்லை. பாவத்துக்கு மரித்தவர்கள் அதிலேயே எப்படிப் பிழைக்க முடியும் என்றுதான் கேட்கிறார். தீத்து 2:11-12 கிருபையை ஒரு ஆசிரியராகவே காட்டுகிறது. இரட்சிப்பைக் கொண்டுவந்த அதே கிருபை, அவபக்தியை வெறுத்துத் தெளிந்த புத்தியோடு வாழவும் நமக்குக் கற்றுக்கொடுக்கிறது.

ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1937இல் 'மலிவான கிருபை' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பு, சிலுவை இல்லாத சீஷத்துவம் ஆகியவற்றை அவர் அப்படிக் குறிப்பிட்டார். ஹிட்லருக்கு முன்னால் ஜெர்மன் சபைகளில் பெரும்பகுதி வாயை மூடிக்கொண்டிருந்த காலம் அது. அவரை 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளாசன்பர்க் முகாமில் தூக்கிலிட்டார்கள்.

கிருபை கற்றுக்கொடுக்கும் வேகம் பற்றி ஒரு உதாரணம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சாட்சி நேரங்களில் இதை அநேகமாகத் தவறாகவே சொல்கிறார்கள். உலகமெங்கும் பாடப்படும் அந்த 'அற்புதக் கிருபை' ஆங்கிலப் பாட்டை எழுதிய ஜான் நியூட்டன் அடிமை வியாபாரக் கப்பலில் இருந்தவர், புயலில் சிக்கி மனந்திரும்பினார், உடனே அந்தத் தொழிலை உதறினார் என்பார்கள். புயல் வந்தது 1748 மார்ச்சில். அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பல்களுக்கே கேப்டன் ஆனார். 1754இல் கடல் வேலையை விட்டதற்குக் காரணம் உடல்நலக் குறைவு. 1764இல் குருப்பட்டம் பெற்றார். அந்தப் பாட்டு 1773ஆம் வருஷப் புத்தாண்டு ஆராதனைக்காக எழுதப்பட்டது, அன்றைய வேதபகுதி 1 நாளாகமம் 17ஆம் அதிகாரம். இதுவரை என்னைக் கொண்டுவந்ததற்கு நான் எம்மாத்திரம் என்று தாவீது கேட்கும் இடம் அது. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் நாமும் அதையே சொல்லி அழுகிறோம். அடிமை வியாபாரத்தை எதிர்த்து, தன் பங்கையும் ஒப்புக்கொண்டு அவர் பகிரங்கமாக எழுதியது 1788இல்தான். புயலிலிருந்து கணக்குப் போட்டால் 40 வருஷம்!

இந்த 40 வருஷத்தைச் சொல்லி யாரும் சாக்குத் தேடக் கூடாது. அந்தத் தாமதத்துக்கான விலையைக் கப்பலின் அடித்தட்டில் கிடந்தவர்கள் கொடுத்தார்கள். ஆனாலும் கிருபை அவரை விடாமல் கடைசியில் அந்த இடத்துக்குக் கொண்டுவந்தது என்பதும் உண்மை.

'ஹைப்பர் கிரேஸ்' என்கிறார்களே, அது சரியா?

'அளவு மீறிய கிருபை' என்று பொருள்படும் இந்தப் பெயரை அந்த உபதேசத்தை எதிர்ப்பவர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள். கேட்டுப் பார்த்தால் அந்தப் பிரசங்கங்களில் பாதி நல்ல கிருபைப் பிரசங்கமாகத்தான் இருக்கும். குற்ற உணர்ச்சியிலேயே வளர்ந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல். தகராறு வருவது, "எதிர்காலப் பாவங்களும் மன்னிக்கப்பட்டாயிற்று, ஆகவே விசுவாசி பாவ அறிக்கை செய்யத் தேவையே இல்லை" என்னும் இடத்தில். 1 யோவான் 1:9 "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால்" என்கிறது. அது அவிசுவாசிகளுக்கு எழுதியது என்று அவர்கள் விளக்கம் சொல்வார்கள். அடுத்த அதிகாரத்தின் முதல் வசனமே "என் பிள்ளைகளே" என்று தொடங்குகிறது, ஆகவே அந்த விளக்கம் எனக்கு ஒட்டவில்லை. இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்திலும் அன்றன்றைய அப்பத்துக்கு அடுத்ததாகவே மன்னிப்பு வருகிறது.

எல்லாம் கிருபை என்றால் முயற்சி எதற்கு? கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு வேறு சொல்கிறாரே?

1 கொரிந்தியர் 15:10ஐ முழுதாக வாசிக்க வேண்டும். பாதி வசனம்தான் காலண்டர்களில் வருகிறது. "நான் இருக்கிறது தேவகிருபையினாலே இருக்கிறேன்" என்று தொடங்கி, "அவர்களெல்லாரிலும் நான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன்" என்கிறார், அப்புறம் "ஆகிலும் நானல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே" என்று முடிக்கிறார். கிருபையும் கடின உழைப்பும் ஒரே வசனத்தில் சண்டையில்லாமல் இருக்கின்றன. பிலிப்பியர் 2:12-13லும் அப்படித்தான். பிரயாசப்படுங்கள், ஏனென்றால் உங்களுக்குள் செய்கிறவர் தேவன் என்று வருகிறது.

கிருபை நம் கையிலிருந்து எடுத்துப்போடுவது உழைப்பைக் காட்டி விலை பேசுவதை. உழைப்பை அது இன்னும் அதிகமாக்கத்தான் செய்கிறது. யாக்கோபு 2ஆம் அதிகாரம் திட்டுவது வேறொரு ஆளை. பசியோடு நிற்கும் சகோதரனிடம் "சமாதானத்தோடே போங்கள்" என்று சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காமல் அனுப்புகிறவரை. அப்படிப்பட்டவரைப் பவுலும் விட்டுவைத்திருக்க மாட்டார்.

ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன். எனக்குக் கிருபை தீர்ந்துவிட்டதா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் மெதுவான குரலில்தான் கேட்பார்கள். குடி, ஆபாசப் படம், கோபம், பொய், சிலருக்கு ஆன்லைன் சூதாட்டம்.

தீரவில்லை. "பாவம் பெருகின இடத்தில் கிருபை அதிகமாய்ப் பெருகிற்று" என்பது ரோமர் 5:20. இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மூன்று முறை மறுதலித்தார், இயேசு மூன்று முறை "என்னை நேசிக்கிறாயா?" என்று கேட்டு மூன்று முறையும் வேலையைக் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகும் பேதுரு அந்தியோகியாவில் ஒருமுறை சறுக்கினார், அதைக் கீழே சாதி பற்றிய கேள்வியில் சொல்கிறேன். பெந்தெகொஸ்தே நாள் பிரசங்கத்துக்குப் பிறகு சறுக்கிய அப்போஸ்தலர் அவர்.

ஆனால் "தீரவில்லை" என்று சொல்வதோடு நிறுத்திவிட்டால் அது உதவி ஆகாது. விழுந்தவர்கள் வழக்கமாக ஒரு வட்டத்தில் சுற்றுகிறார்கள். விழுவது, வெட்கப்படுவது, "இனிமேல் ஒருபோதும் இல்லை" என்று தேவனுக்குப் பெரிய பொருத்தனை செய்வது, சில நாள் உபவாசம், பிறகு மறுபடி விழுவது. பொருத்தனை செய்யும்போது நாம் தேவனோடு பேரம் பேசுகிறோம். நான் சரியாகிக் காட்டுகிறேன், நீர் என்னை ஏற்றுக்கொள்ளும் என்று. வரிசை அப்படி இல்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணிடம் இயேசு முதலில் "நானும் உன்னை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறதில்லை" என்றார், இனிப் பாவம் செய்யாதே என்றது அதற்கு அடுத்து (யோவான் 8:11).

நடைமுறையில் சொல்வதானால், விழுந்த அன்றே ஜெபியுங்கள், மூன்று நாள் தள்ளிப்போடாதீர்கள். தள்ளிப்போடுவது பயபக்தி மாதிரித் தெரியும், உண்மையில் அது நாமே நமக்கு விதித்துக்கொள்ளும் தண்டனைக் காலம். அப்புறம், வாயை அடக்கத் தெரிந்த ஒருவரிடம் சொல்லுங்கள். யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லியிருந்தும், நம் சபைகளில் அந்த வசனத்தைப் பிரசங்கிப்பதே அபூர்வம். ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்கிற பயம் நியாயமானது, ஆகவே ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். குடிக்கோ வேறு போதைக்கோ அடிமையாகிவிட்டது என்றால் மருத்துவரிடமும் போங்கள். பல வருஷம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம் வரை போகலாம், உயிருக்கே ஆபத்து. மருத்துவமனையில் வைத்து நிறுத்துவது விசுவாசக் குறைவு ஆகாது.

ஜெபம், வேதவாசிப்பு, உபவாசம் எல்லாம் எந்தக் கணக்கில் வரும்?

கிருபையின் சாதனங்கள் என்று பழைய போதகர்கள் சொல்வார்கள். தேவன் கிருபையைக் கொடுப்பதற்கு வழக்கமாகப் பயன்படுத்தும் வழிகள். மெதடிஸ்ட் சபைகளுக்கு வித்திட்ட ஜான் வெஸ்லி ஜெபம், வேதவாசிப்பு, திருவிருந்து மூன்றையும் முக்கியமாகக் குறிப்பிட்டார், அவற்றை விட்டுவிட்டுச் சும்மா காத்திருந்தால் போதும் என்றவர்களோடு கடுமையாக வாதாடவும் செய்தார். அவர் அக்கறை நியாயமானது. குழாயடிக்கே போகாமல் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல முடியாது.

காணிக்கை கொடுத்தால் நூறு மடங்கு வரும் என்கிறார்களே?

கொடுத்து வாங்குவதற்குப் பெயர் வியாபாரம். 1517இல் மார்ட்டின் லூத்தர் 95 கருத்துகளை எழுதியது பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்துத்தான். இன்றைக்குச் சீட்டு இல்லை, அதற்குப் பதில் வங்கிக் கணக்கு எண் திரையில் ஓடுகிறது.

2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரம் கொடுப்பதையே கிருபை என்கிறது. மக்கெதோனியாச் சபைகள் கொடிய தரித்திரத்தில் இருந்தபோதும் தங்கள் திராணிக்கு மிஞ்சி, எருசலேமில் கஷ்டப்பட்ட பரிசுத்தவான்களுக்காகக் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பணமாகத் திரும்பி வந்தது என்று பவுல் எங்கும் எழுதவில்லை. கடன் வாங்கிக் காணிக்கை கொடுக்கும் ஒரு குடும்பத்தையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களைத் தடுப்பதும் சபையின் வேலைதான். ஒருவனிடம் இல்லாததின்படி அல்ல, இருப்பதின்படியே என்று அதே அதிகாரத்தின் 12ஆம் வசனம் சொல்கிறது.

விபத்தில் நான் மட்டும் "கிருபையால்" தப்பினேன் என்கிறோம். அதே பஸ்ஸில் இறந்தவருக்குக் கிருபை இல்லையா?

சாட்சி சொல்பவர்கள் இதை ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். சபையின் பின்வரிசையில் அதே மாதிரி விபத்தில் மகனைப் பறிகொடுத்த அம்மா உட்கார்ந்திருக்கலாம்.

சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசு கேட்டு, "அப்படியல்ல" என்று தாமே பதில் சொன்னார் (லூக்கா 13:4-5). யார் பிழைத்தார், யார் இறந்தார் என்பதை வைத்துத் தேவனுடைய பிரியத்தை அளக்க அவர் இடம் கொடுக்கவில்லை. நாம் அழுதபடி பாடும் "நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே" என்ற வரி வருவது புலம்பல் புத்தகத்தில், எருசலேம் எரிந்து சாம்பலான பிறகு. எழுதியவர் ஆபத்தில்லாமல் தப்பியவர் அல்ல.

பவுலும் தன் மாம்சத்தில் இருந்த முள்ளை எடுத்துப்போடும்படி மூன்று முறை வேண்டினார். முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது (2 கொரிந்தியர் 12:9). அந்த முள் நோயா, ஆட்களா, வேறு ஏதாவதா என்று பவுல் சொல்லாமலே விட்டுவிட்டார், அதுவும் நல்லதுக்குத்தான். தப்பியதற்கு நன்றி சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். "நான் ஜெபித்துவிட்டுப் பஸ் ஏறியதால்" என்ற பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள்.

புருஷன் அடிக்கிறார். "கிருபையோடே பொறுத்துக்கொள்ளும்மா" என்கிறார்கள். பொறுக்க வேண்டுமா?

வேண்டாம். அடி வாங்கிக்கொண்டு வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று கிருபை சொல்லவில்லை.

மன்னிப்பு பற்றிய பெரிய உவமை மத்தேயு 18இல் வருகிறது. ஒரு வேலைக்காரன் 10,000 தாலந்து கடன்பட்டிருந்தான். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி, ஆகவே மொத்தம் 6 கோடி நாள் கூலி. அது அவனுக்குத் தள்ளுபடி ஆனது. வெளியே வந்தவன் 100 வெள்ளிப்பணம், அதாவது 100 நாள் கூலி கடன்பட்டவனின் தொண்டையைப் பிடித்தான். நாம் மன்னிக்காமல் இருப்பது எவ்வளவு அற்பம் என்பதற்கு இதைக் காட்டுவது சரிதான். ஆனால் இதே அதிகாரத்தில், இந்த உவமைக்கு முன்னால், குற்றம் செய்த சகோதரனைத் தனியாகக் கண்டிப்பது, சாட்சிகளோடு போவது, சபைக்குத் தெரிவிப்பது, அதற்கும் கேளாவிட்டால் அந்நியனைப்போல் நடத்துவது என்று ஒரு நடைமுறையே இருக்கிறது. சிறியவர்களுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவது நலம் என்பதும் அங்கேதான் (18:6). முழு அதிகாரத்தில் ஒரு பாதியை மட்டும் அடிபட்டவளிடம் வாசித்துக்காட்டுவது அநியாயம்.

மன்னிப்பது வேறு, மறுபடி அடிபடப் போய் நிற்பது வேறு. முதலில் பத்திரமான இடத்துக்குப் போங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைக்கலாம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் வருஷச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு உத்தரவும் அந்த வீட்டிலேயே குடியிருக்கும் உரிமையும் கேட்க முடியும். மன்னிப்புக்கு அவசரம் இல்லை, அதற்கான கிருபையை ஏற்ற சமயத்தில் தேவன் தருவார். பொறுத்துக்கொள் என்ற ஆலோசனையைச் சொன்னவர் போதகராகவே இருந்தாலும் பதில் இதுதான்.

சபையில் சாதி பார்க்கிறார்கள். இதற்கும் கிருபைக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம் உண்டு. அந்தியோகியாவில் யூதரான பேதுரு யூதரல்லாத புறஜாதி விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் பயந்து எழுந்து விலகிப் போனார். பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரை முகமுகமாய் எதிர்த்தார் (கலாத்தியர் 2:11-14). இதைப் பழக்கவழக்கப் பிரச்சினை என்று பவுல் ஒதுக்கவில்லை, சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்றபடி நடக்காதது என்றார். விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுதல் (தேவன் நம்மை நீதிமான் என்று ஏற்றுக்கொள்வது) பற்றி இந்த நிருபத்தில் அவர் பேசத் தொடங்குவதே இந்தப் பந்தித் தகராறிலிருந்துதான்.

பிறப்பால் எனக்கு ஒரு படி மேல் என்று நினைக்கிறவர் தேவனிடமும் ஏதோ கையில் கொண்டுவந்ததாக நினைக்கிறார். நம் வரலாறு இதில் அழகாக இல்லை. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் மிஷன் சபைகளில் சாதி வேறுபாட்டை உடனே முற்றிலும் விட்டுவிட வேண்டும் என்று உத்தரவிட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் கடும் எதிர்ப்பு வந்தது, பலர் சபையை விட்டே போனார்கள். திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கத்தோலிக்கக் கோயில், சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும்படி இரண்டு கால்கள் போலக் கட்டப்பட்டது. இரண்டும் பீடத்தில் வந்து சேரும். பிரித்து வைத்த தடுப்பு 1910இல்தான் இடிக்கப்பட்டது, அதை எதிர்த்து வழக்கும் நடந்தது. இன்று சுவர் இல்லாத சபைகளிலும் கல்லறைத் தோட்டம், கல்யாணப் பேச்சு, சபைத் தேர்தல் என்று வரும்போது என்ன நடக்கிறது என்பது வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும். கிருபையைப் பற்றி அருமையாகப் பாடிவிட்டு அடுத்த அரை மணி நேரத்தில் சாதிக்கு ஓட்டுக் கேட்கிறோம்.

நம் பக்தி மரபுகளிலும் அருள் உண்டே. என்ன வித்தியாசம்?

உண்டு, அதை மறுக்கத் தேவையில்லை. "அவனருளாலே அவன்தாள் வணங்கி" என்ற மாணிக்கவாசகரின் வரியைக் கேட்ட கிறிஸ்தவனுக்கு அது சுத்தமாக அந்நியமாகப் படாது. திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1900இல் வெளியிட்டவரே ஜி. யு. போப் என்ற மிஷனரிதான். வைணவத்தில் குட்டி தாயைப் பிடித்துக்கொள்ளும் குரங்கு நியாயம், தாய் குட்டியைக் கவ்விச் செல்லும் பூனை நியாயம் என்று வடகலையும் தென்கலையும் நடத்திய வாதம், மனித முயற்சியும் தேவனுடைய செயலும் பற்றிக் கிறிஸ்தவர்கள் நடத்திய வாதத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது. வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827-1900) அந்த பக்தி மொழியிலேயே கிறிஸ்துவைப் பாடினார்.

வித்தியாசம் கிருபை எங்கே நிலைகொண்டிருக்கிறது என்பதில். பொந்தியு பிலாத்துவின் நாட்களில் சிலுவையில் அறையப்பட்டு உயிர்த்தெழுந்த ஒருவரோடு கிறிஸ்தவன் அதைக் கட்டிவைக்கிறான். அந்தச் சம்பவம் நடக்கவில்லை என்றால் கிறிஸ்தவக் கிருபை என்று ஒன்று இல்லை, 1 கொரிந்தியர் 15இல் பவுலே அப்படித்தான் வாதாடுகிறார். அடுத்தவர் பக்தியை மட்டம் தட்டாமல் இதைச் சொல்ல முடியும்.

கத்தோலிக்கர்களும் நாமும் இதில் இன்னும் எதிரும் புதிருமா?

முன்பு இருந்த அளவுக்கு இல்லை. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் நீதிமானாக்கப்படுதல் பற்றி ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்பதில் அடிப்படை உடன்பாடு உண்டு என்றார்கள். மெதடிஸ்டுகள் 2006இல் அதோடு சேர்ந்தார்கள். அருளடையாளங்கள் (திருவிருந்து போன்ற சடங்குகள்), புண்ணியப் பலன் போன்றவற்றில் கருத்து வேறுபாடு தொடர்கிறது. இதெல்லாம் தெரியாமலே நம் ஊரில் கல்யாண வீட்டில் சண்டை போடுகிறோம்.

கிருபையை இழந்துபோக முடியுமா?

நல்ல விசுவாசிகளே இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். 1618-19இல் நெதர்லாந்தில் கூடிய டார்ட் மாமன்றத்தின் வழிவந்த சீர்திருத்த சபைகள், தேவன் தெரிந்துகொண்டவர்களைக் கடைசிவரை காப்பார் என்கின்றன. வெஸ்லியின் வழிவந்தவர்கள், ஒருவர் விசுவாசத்தை விட்டே விலகிப்போக முடியும் என்கிறார்கள். என் கையிலிருந்து ஒருவனும் பறிக்க முடியாது என்னும் யோவான் 10:28ஐ ஒரு பக்கமும், விலகிப்போகிறவர்களை எச்சரிக்கும் எபிரெயர் 6ஐ மறுபக்கமும் கையில் வைத்திருப்பார்கள். இந்தக் கேள்வியைப் பயந்துபோய்க் கேட்கிறவரிடம் நான் முதலாவதைக் காட்டுவேன், அலட்சியமாகக் கேட்கிறவரிடம் இரண்டாவதை.

எங்கிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

கலாத்தியர். ஆறே அதிகாரம், 149 வசனம், ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். ரோமருக்கு அப்புறம் போகலாம். அடுத்து லூக்கா 15, அதில் இளைய குமாரனோடு நிறுத்தாமல் வெளியே நின்ற மூத்தவன் வரை வாசியுங்கள். சபையில் வளர்ந்தவர்களுக்கு அவன்தான் நெருங்கிய சொந்தம்.

பிறகு பிலேமோன். 25 வசனம்தான். ஓடிப்போன அடிமை ஒநேசிமுவைப் பவுல் எஜமானிடம் திருப்பி அனுப்புகிறார், இனி அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள் என்கிறார், அவன் ஏதாவது கடன்பட்டிருந்தால் என் கணக்கில் வைத்துக்கொள் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுக்கிறார். நமக்கு யாராவது பணமோ மரியாதையோ பாக்கி வைத்திருந்தால் அந்தப் பெயரை மனசில் வைத்துக்கொண்டு வாசிக்கலாம்.